இரண்டாவது கோட்டிங்

பிணத்தின் வாயில் ஒட்டியிருந்த டேப்பின் நுனி, நகக்கண் அளவுக்கு மடித்து விடப்பட்டிருந்தது. பின்னால் பிரிக்க வசதியாக. யாரும் பிரிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் எவனோ மறக்காமல் மடித்திருக்கிறான்.

துப்பறியும் அதிகாரி குனிந்தபடியே நின்றான். டயர் கடைக்குள் ரப்பர் வாடையும் ரத்த வாடையும் புதுப் பெயிண்ட் வாடையும் கலந்து தொண்டையில் படிய, மின்விசிறி கடகடவென்று சுற்றி, அதன் நிழல் செத்தவனின் முகத்தைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. முழங்கால்கள் இரண்டையும் சுத்தியலால் நொறுக்கி, நாற்காலியில் கட்டிவைத்து, அந்தக் கறுத்த முகத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். திறந்த கண்களின் மேலும் சேர்த்து. சுவரில், 'வந்தேறிகளைச் சுத்தம் செய்கிறோம்' என்று கோணாத எழுத்தில் எழுதியிருந்தது.

"சுத்தியல் அடில சாகல சார்," என்றார் தடயவியல்காரர். "முதல் கோட்டிங் காயுற வரைக்கும் உயிரோட இருந்திருக்கான். ரெண்டாவதுல மூக்கு அடைச்சுப் போயிருக்கு. எந்தப் பாவி இவ்வளவு பொறுமையா பண்ணினானோ!"

அதிகாரிக்கு அந்தப் பொறுமையைத் தெரியும். அப்பா வாழ்நாள் முழுக்கப் பெயிண்டர். டேப்பின் நுனியை மடிக்காமல் வைத்தால் மகனின் காதைத் திருகுவார். மகன் வேறு இனத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவர் இன்று காலை ஏணியும் டப்பாவுமாக வந்து, வீட்டுக்கு வெள்ளை அடித்துத் தருகிறேன் என்று நின்றார். "மாமா மனசு மாறிட்டாருங்க," என்று சொன்ன மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்பாவாக இருக்காது. இருக்கவே கூடாது. தடயவியல்காரர் கேமராவை எடுக்கத் திரும்பினார். அந்த நேரத்தில் அவன், உறை போட்ட கட்டைவிரலால் மடிப்பை நீவித் தட்டையாக ஒட்டிவிட்டான்.

"தலை வலிக்குது. வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பெற்ற அப்பாவை எப்படிக் காட்டிக் கொடுப்பது?

காரிலிருந்து மனைவியை அழைத்தான். யாரோ எடுத்தார்கள். சுருளிலிருந்து டேப்பை இழுக்கும் சத்தம் மட்டும். சர்ர்ர். நின்றது. மறுபடி சர்ர்ர். வண்டியை விரட்டினான்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பெயிண்ட் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது, தரையில் ஒரு சொட்டுகூடப் படாமல். தாளின் மேல் சுத்தியல். சிவப்பாக.

"வந்துட்டியாப்பா?" அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "கை வெச்சிடாத. இன்னும் ஈரம்."

நாற்காலியில் அவள். கால்கள் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தன. வாயில் டேப். முகம் முழுக்க வெள்ளை. மூக்கில் மட்டும் ஒரு சிறு குமிழி. உப்பியது. சுருங்கியது.

உயிர் இருக்கிறது.

துப்பாக்கியை உருவினான். "அப்பா, தள்ளிப் போங்க!"

"நீ சுட மாட்ட. என் புள்ள நீ." பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். விளிம்பில் நிதானமாக வழித்தார். அவள் மூக்கின் மேல் ஒரே இழுப்பு.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்தது.

விழுந்தவரைத் தாண்டி ஓடினான். மூக்கை விரல்களால் துடைத்தான். குமிழி வரவில்லை. டேப்பைத் தடவினான். மடித்த நுனி உடனே கைக்குக் கிடைத்தது. சுலபமாகப் பிரிந்தது.

அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே, பற்களின் விளிம்பு வரை, வெள்ளைப் பெயிண்ட் நிறைந்திருந்தது.