கடல் தண்ணியில் குளித்த கார்

எங்கள் கார் ஒரு தும்மல் போட்டால் போதும், நைனாவுக்குச் சோறு இறங்காது. நைனா என்றால் என் அப்பா, நந்தகுமார். பட்டினப்பாக்கத்தில் மீன் பிடிக்கிறார். எங்கள் தெருவில் கார் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். ரொம்பப் பழைய கார்.

காலையில் மீன் கூடைகள் அதில் ஏறி மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போகும். அடுத்த சவாரி ஜோதிலட்சுமி, அதாவது நான், பள்ளிக்கூடத்துக்கு. கவிச்சி வாசனையோடுதான் போய் இறங்குவேன்.

திடீரென்று கார் குப்குப்பென்று புகை விட ஆரம்பித்தது. ராயப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அக்பர் பாஷா பாயிடம் கொண்டுபோனோம். இன்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றினால் புதுசு மாதிரி ஓடும் என்றார் பாய். நைனாவுக்கு வாயெல்லாம் பல். ஒழுகுகிற கூரையை மாற்றச் சேர்த்த பணத்தை இதில் போட்டுவிடலாம், கார் என் கல்யாணம் வரைக்கும் ஓடும் என்று அளந்தார். நான் படிப்பது ஆறாவது!

நான் பின் சீட்டில் உட்கார்ந்து கமர்கட் தின்றுகொண்டிருந்தேன். அது கை நழுவி, கீழே போட்டிருந்த ரப்பர் விரிப்புக்கு அடியில் உருண்டது. விரிப்பைத் தூக்கினேன். கமர்கட்டைக் காணோம். காரின் தரையையே காணோம். பெரிய ஓட்டை வழியாக ஒர்க்‌ஷாப் மண் தெரிந்தது. அங்கே கிடந்த என் கமர்கட்டை எறும்புகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

சொன்னால் நைனாவின் முகம் சுண்டிப் போகும். சொல்லாவிட்டால் கூரைப் பணம் மொத்தமும் போய்விடும். பாய் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

"பாய், கொஞ்சம் இருங்க. இன்ஜினை அப்பறம் கழட்டலாம். முதல்ல தரையைப் பாருங்க," என்றேன்.

பாய் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. காரைத் தாங்குகிற சட்டத்தையே துரு தின்றிருந்தது. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார்.

"கடல் தண்ணிதான் பாய். கவிச்சி போவணுமே. படகை அப்படித்தானே கழுவுறோம்," என்றார் நைனா.

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. படகு ஃபைபர். கார் இரும்பு. ஆசை ஆசையாகப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றியதெல்லாம் உப்பு. பானெட்டைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

எவ்வளவு நல்ல இன்ஜின் வைத்தாலும் இந்த உடம்பு தாங்காது என்றார் பாய். வேளச்சேரியில் ஒரு காருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதாம், இன்ஜின்தான் போய்விட்டதாம். அவர்கள் இதன் இன்ஜினை வாங்கிச் சரிசெய்து கொள்வார்களாம். நைனா மெதுவாகத் தலையாட்டினார்.

திரும்பி நடந்தே வந்தோம். மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிடலாம் என்று நான் ஆறுதல் சொன்னேன். பாதி வழியில் நைனா சட்டென்று நின்றார்.

"அந்த ஓட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நான் குந்துற பக்கம், நைனா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறது என்று சொல்லியும், வீடு வரும்வரை விடவே இல்லை.