ஐந்தாவது அறிவிப்பு

திரையில் விமானிகளுக்கான அன்றைய எச்சரிக்கை அறிவிப்புகள் நான்கு இருந்தன. அச்சாகி வந்த தாளில் ஐந்து.

விமானப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். கோபுர விளக்கு எரியவில்லை, கிழக்கு முனையில் பறவைகள், புல்வெட்டும் வண்டி, வேலிக்கு அப்பால் ஒரு கிரேன்: ஒரு வாரமாகப் பார்த்துச் சலித்தவை. ஐந்தாவதும் அதே எழுத்தில், அதே மையில் இருந்தது. 'ஓடுபாதை காலை 7.40 முதல் மூடல். காரணம்: விழுந்த பயிற்சி விமானத்தை அப்புறப்படுத்துதல்.' அடுத்து விமானத்தின் எண். இன்று அவளுடைய தங்கை தனியாக ஓட்டவிருந்த விமானம் அது.

மணி 6.50.

தாளின் அடியில் 'படித்தேன்' என்ற இடத்தில் ஆசிரியையின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதில் மட்டும் மாயம் எதுவும் இல்லை. பக்கத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவதற்கு யார் தினமும் உட்கார்ந்து படிப்பது என்று, திங்கட்கிழமையே வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டு அச்சு இயந்திரத்தில் செருகிவிடுவாள். அந்தக் கையெழுத்தைக் காட்டினால் மெக்கானிக் மறுபேச்சில்லாமல் விமானத்தை வெளியே தள்ளிக் கொடுப்பார்.

மறுபடி அச்செடுத்தாள். சூட்டு வாசனையோடு தாள் வந்தது. ஐந்து.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

தங்கை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரமாக இருந்தது. எண்ணெய் காணாத அந்தக் கதவு யார் வந்தாலும் ஊளையிடும். இன்று அது கத்தியதாக நினைவில்லை.

"குட்டி, இன்னிக்கு நீ பறக்க வேண்டாம்."

"சரிக்கா."

தரையில் இருக்கும்வரை எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவள் அவள். அக்கா சொன்னதை உடனே கேட்பது மேலே பறக்கும்போது மட்டும்தான். அம்மா அப்பா போனபின் மிஞ்சிய ஒரே உறவு பத்திரமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறது என்ற நிம்மதியில் ஆசிரியை இரண்டு தாள்களையும் கிழித்துப் போட்டாள்.

"அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறையேன்கா. தலை வலிக்குது."

விமானங்களோடு பேசும் அந்த ரேடியோவின் ஒலியைக் குறைத்தாள். அதன்பின் அந்த அறையில் கடிகாரத்தின் டிக் டிக்கும், எங்கோ கொசு ரீங்கரிப்பதுபோல ரேடியோவின் முணுமுணுப்பும், போகப் போகக் கனத்துவந்த பெட்ரோல் நெடியும், தங்கையின் கூந்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் ஈரத்தின் சத்தமும்தான் இருந்தன. தண்ணீர் என்றுதான் நினைத்தாள்.

7.36.

எதற்கும் இருக்கட்டும் என்று, கையெழுத்துப் போட்ட மீதித் தாள்களை அச்சு இயந்திரத்திலிருந்து பூட்டி வைக்க எடுத்தாள். நேற்று ஆறு இருந்தன; அவள் அச்செடுத்த இரண்டு போக நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன.

தனக்கு முன்பே யாரோ ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ரேடியோவைக் கூட்டினாள்.

"...கடைசித் திருப்பம் முடிச்சாச்சு. இறங்க வர்றேன்." தங்கையின் குரல். உற்சாகமான குரல்.

நாற்காலியின் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பப் பயம். மைக்கைப் பறித்தாள்.

"இறங்காதே குட்டி. தூக்கு. இப்பவே மேலே தூக்கு."

மேலே இருக்கும்போது அக்கா சொன்னால் சொன்னதுதான். கண்ணாடிக்கு வெளியே, இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்திருந்த விமானம் வெடுக்கென்று மூக்கை நிமிர்த்தியது. மேலே ஏற வேகம் போதாமல் நடுங்கியது. ஒரு இறக்கை சாய்ந்தது.

"அக்கா, என்னாச்..."

தரை அதிர்ந்தது. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

பெட்ரோல் நெடி கழுத்தோரம் வந்து நின்றது. ஈரமான கை ஒன்று அவளுடைய தோளுக்கு மேலாக நீண்டு, கிழிபடாத ஒரு தாளை மேசையில் வைத்தது. ஐந்து அறிவிப்புகள். அவளுடைய கையெழுத்துக்குக் கீழே, மாணவர் கையெழுத்திடும் இடத்தில், அந்த விரல்கள் நிதானமாகத் தங்கையின் பெயரை எழுதின.

"படிச்சிட்டேன்கா."