பழைய மனம் அழிக்கப்படும்

காதுக்குப் பின்னால் இருந்த துளையில் ஜெசிந்தாவின் மனத்தட்டைச் செருகிக்கொண்டாள் செங்கனி. கண்முன்னே வழக்கமான கேள்வி மிதந்தது: ‘சோதித்துப் பார்க்கவா? நிறுவவா?’

கல்லூரி விடுதியில் எல்லாரும் சோதித்துப் பார்ப்பவர்கள்தான். பாட்டன் காலத்துப் பிள்ளைகள் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் தட்டைப் போட்டு, நிறுவாமலேயே ஓட்டி விளையாடியது போலத்தான் இதுவும். செருகினால் அடுத்தவர் மனம் ஓடும். உருவினால் சொந்த மனம் திரும்பும். இடையில் உணர்ந்தது எதுவும் பதியாது. தேர்வில் முதலில் வருபவள் தன் மனத்தைப் பதிந்து விடுதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒவ்வொரு முறையும் ஜெசிந்தாதான் கொடுத்தாள். அரியர் வைத்த செங்கனியிடம் யார் தட்டு கேட்கப் போகிறார்கள்?

ஜெசிந்தாவின் தட்டைச் செருகினால் கணக்கெல்லாம் கடகடவென்று முடியும். உருவிய பிறகு, தாளில் இருப்பது தன் கையெழுத்து என்பதைத் தவிர செங்கனிக்கு ஒன்றும் புரியாது. வயிறு எரியும். அவளுக்கு மட்டும் இது நாள் முழுக்க ஓடுகிறதே!

இன்று நிறுவத்தான் போகிறேன் என்று அவள் சொன்னதும் அறைத்தோழி மும்தாஜ் பதறினாள். “லூசாடி நீ? நிறுவினா உன் மனசு அழிஞ்சிரும். ரெண்டுக்கும் இடம் பத்தாது.”

“அழியட்டும். இதுல காப்பாத்தி வைக்க என்ன இருக்கு?”

‘நிறுவு’ என்று சொல்லிவிட்டாள்.

விழித்தபோது எதிரே கண்ணாடியில் செங்கனியின் முகம் தெரிந்தது. பார்த்ததுமே நெஞ்சில் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது. அது ஜெசிந்தாவின் எரிச்சல். துணி துவைக்கும்போது வாய்க்கு வந்ததைப் பாடுகிறவள், அரியர் வந்த அன்றும் மெஸ்ஸையே சிரிக்க வைத்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குகிறவள் இந்தச் செங்கனி. இவளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜெசிந்தா இத்தனை நாளும் தூக்கம் கெட்டுப் புழுங்கியிருக்கிறாள்.

இனி நான்தானே செங்கனி என்று ஆசையோடு பாடிப் பார்த்தாள். குரல் இருந்தது, பாட்டு வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெசிந்தா வந்தாள். கையில் இன்னும் எதுவும் பதியாத மனத்தட்டு ஒன்று வைத்திருந்தாள்.

“செங்கனி, சிரிக்காத. உன் மனச இதுல பதிஞ்சு தர்றியா? ஒரே ஒரு தடவ நீயா இருந்து பாக்கணும்டி.”

“எனக்கும் அதே ஆசதான்டி” என்று கண்ணாடி முன் நின்றவள் அழ ஆரம்பித்தாள்.