பன்னிரண்டாம் பக்கத்துக் கறை

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு விசாரணை சார். என் லேபை மூடப்போறாங்க."

எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற நூலகர். காணாமல் போன புத்தகங்களைத் தேடித் தேடி, ஒரு கட்டத்தில் காணாமல் போன மனிதர்களையும் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டவர். பக்கத்தில் அவருடைய மச்சான், யாரையாவது கைது செய்தே தீருவது என்ற முகத்தோடு.

விஷயம் இதுதான். கிருமியைக் கொல்லும் ஒரு மருந்தைப் பற்றிப் பேராசிரியை எழுதிய கட்டுரையை நாலு வருடம் ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. போன வருடம் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். ஆள் பிடித்துப் போடவைத்த மேற்கோள்கள் என்று பக்கத்து லேப் பேராசிரியர் புகார் எழுதிவிட்டார்.

"யாரெல்லாம் காட்டியிருக்காங்க?"

"முதல் அம்பதைப் புரட்டினேன். மண், சாயம், வாசனைத் தைலம். மருந்துக்காரங்களையே காணோம். அதுக்கு மேல பார்க்கப் பயமா இருந்துது."

"கூலிக்கு எழுதற கும்பல்தான் அத்தான்!" என்றார் மச்சான்.

"கும்பலுக்கு மண்ணைப் பத்தி என்னடா தெரியும்? சும்மா இரு."

மூவரும் ஆராய்ச்சிக்கூட நூலகத்துக்குப் போனார்கள். கட்டுரை வெளிவந்த இதழை எடுத்து நூலகர் மூக்கருகே வைத்துப் புரட்டினார். கட்டுரையின் முதல் பதினோரு பக்கங்கள் மடிப்புக் கலையாத புதுத்துணி மாதிரி இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் முனை மழுங்கி, ஈரவிரல் தடங்களோடு, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கறையோடு கிடந்தது.

பேராசிரியை எட்டிப் பார்த்தார். "கடைசிப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையே சார். நன்றி சொல்லியிருப்பேன், ஒரு அடிக்குறிப்பு..."

"பக்கத்து லேப்ல கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போனார் நூலகர். திரும்பியவர், மேற்கோள் காட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளின் பிரதிகளையும் மச்சான் தலையில் ஏற்றி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் நாலு மணி. விசாரணைக் குழுத் தலைவர், புகார்க்காரர், நூலகர், மச்சான், பேராசிரியை. அவருடைய விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"எல்லாரும் மேற்கோளை எண்ணினீங்க. யாராவது படிச்சீங்களா?" என்று கேட்டார் நூலகர்.

நூலகர் பிரதிகளை மேஜையில் வைத்தார்.

"ஒருத்தரைத் தவிர எல்லாரும் சுட்டறது அந்த அடிக்குறிப்பைத்தான். அடிப்பிடிச்ச குடுவையை எப்படிக் கழுவறதுன்னு இந்தம்மா நாலு வரி எழுதியிருக்காங்க. குடுவை கழுவற கையோட புரட்டிப் புரட்டித்தான் பன்னிரண்டாம் பக்கத்துல அந்தக் கறை. ஒரு மண்காரர் போன வருஷம் செஞ்சு பார்த்தார். பளிச்சுன்னு ஆச்சு. நன்றியா மேற்கோள் போட்டார். அவரைப் பார்த்து சாயக்காரர், சாயக்காரரைப் பார்த்து தைலக்காரர். அடிப்பிடிக்காத குடுவை எந்த லேப்ல இருக்கு, சொல்லுங்க?"

"இதெல்லாம் கதை. ஆதாரம்?" என்றார் புகார்க்காரர்.

"உங்க லேப் தொட்டிக்கு மேல ஒரு நகல் ஒட்டியிருக்கே. பக்க எண் பன்னிரண்டு. கை கழுவறப்போ படிச்சேன்."

புகார்க்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆராயத் தொடங்கினார்.

"புகார் தள்ளுபடி. லேப் உங்களோடதுதான். இதுல கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் தலைவர்.

பேராசிரியை பேனாவை வாங்கவில்லை. "பத்து வருஷ உழைப்பு சார். கடைசில எனக்குப் பாத்திரம் தேய்ச்ச பேரா?"

மச்சானுக்கே பாவமாக இருந்தது. "யாரோ ஒருத்தரைத் தவிரன்னீங்களே அத்தான்?"

நூலகர் தயங்கித் தயங்கி ஒரு பிரதியை உருவினார். "நூத்தி எண்பத்தேழாவது ஆள். இவர் மட்டும் உங்க மருந்தையே செஞ்சு பார்த்திருக்கார்மா."

"என்ன சொல்றார்?"

"வேலை செய்யலையாம்."

பேராசிரியை அதைப் பிடுங்கினார். விரல் வரிவரியாக ஓடியது, ஓரிடத்தில் நின்றது.

"நாப்பது டிகிரிலயா கரைச்சார், மகராசன்? இருபதைத் தாண்டினா மருந்தே சிதைஞ்சிடுமே! இவரை உடனே பிடிக்கணும்!"

கையெழுத்துக்காகத் தலைவர் நீட்டிய பேனாவை வாங்கி, அந்தக் கட்டுரையின் ஓரத்திலேயே விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார்.