இடது சீட்டில் ஒரு சாட்சி

செட்டிபாளையத்தில், வாவிக்கரை வீதியோரம், அருமைநாயகம் தன் சைக்கிளுக்கு அடியில் செத்துக் கிடந்தார்.

அவருடைய பையில் இருந்த மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது!

பத்தடி தள்ளி ஒரு வெள்ளைக் கார் பூவரச மரத்தில் மோதி நின்றது. எயார் பேக் இரண்டும் வெடித்துத் தொங்கின.

இடது சீட்டில் ஒரு பெண். நெற்றியில் இரத்தம். மூச்சு இருந்தது.

வலப்பக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால்...

யாரும் இல்லை.

மாலை நான்கு மணி பத்து நிமிடம். மழை தூறிக்கொண்டிருந்ததால் வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. ஓட்டியவர் இறங்கி ஓடியதை ஒருவரும் காணவில்லை.

அந்தப் பெண் டினோஷா. புளியந்தீவில் ஒரு பார்மசியில் வேலை. கார் அவளுடைய அண்ணன் ஜொய்சனுக்குச் சொந்தம்.

மூன்றாம் நாள்தான் அவளுக்கு நினைவு திரும்பியது. ஆனால் அந்தப் பின்னேரம் மட்டும் திரும்பவில்லை. மதியம் சாப்பிட்டது தெரிந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

டொக்டர் அவளுடைய கணவன் நிலோஜனைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். கண்டதும் கேட்டதும் மூளையில் பதிந்து இறுகக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குள் அடி விழுந்ததால் அந்தப் பின்னேரம் பதியவே இல்லை. இனி வரவும் வராது. அந்த வெற்றிடத்தில் யார் எதைச் சொன்னாலும் அது சொந்த ஞாபகம் போலவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே தயவுசெய்து எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நிலோஜன் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

அவன் டியூஷன் வகுப்பில் சரித்திரம் படிப்பிப்பவன். சொன்னதையே சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதில் பேர் போனவன்.

வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கினான்.

அண்ணன்தான் அவளைக் காரில் ஏற்றிப்போனார் என்றான். நீலச் சட்டை போட்டிருந்தார் என்றான். வேகமாக ஓட்ட வேண்டாம் என்று அவள் கெஞ்சினாளாம். அவர் சிரித்தாராம். தன் போனில் ஜொய்சனின் படத்தைக் காட்டினான். அதே கார், அதே நீலச் சட்டை, கன்னத்தில் பழைய தழும்பு.

ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணியோடு அதே கதை.

முதல் வாரம் அவள் வெறுமனே கேட்டாள்.

இரண்டாம் வாரம் அவளே அடுத்த வரியைச் சொன்னாள்.

மூன்றாம் வாரம்... அவளுக்கு எல்லாம் தெரிந்தது! கண்ணாடியில் விழுந்த மழைத்துளிகூட.

பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தாள். நீதிமன்றத்திலும் சொன்னாள். அந்த நேரத்தில் தான் வாவிக்குள் நண்டுக் கூடு பார்த்துக்கொண்டிருந்ததாக ஜொய்சன் சொன்னான். தோணியில் தனியாகப் போனவனுக்கு யார் சாட்சி? காரை வீட்டில் விட்டுப் போனதாகச் சொன்னான். அவன் மனைவி றோஸ்மேரியோ, தான் தலையிடியில் தூங்கிப்போனதாகவும் காரை யார் எடுத்தார்கள் என்று தெரியாது என்றும் சொல்லியிருந்தாள்.

விளக்கமறியல் சிறைக்குக் கொண்டுபோகும்போது ஜொய்சன் தங்கையின் பக்கத்தில் ஒரு கணம் நின்றான்.

"டினோ... நான் அண்டைக்கு உன்ர பக்கத்தில இருக்கவே இல்லயே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்டதைத்தானே சொன்னோம் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், றோஸ்மேரி அவளைத் திட்டவில்லை. தினமும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். மச்சாளின் பெரிய மனதை எண்ணி டினோஷா வெட்கப்பட்டாள்.

நான்காம் மாதம், சப் இன்ஸ்பெக்டர் ஷாகிரா ஒரு கடதாசியோடு பார்மசிக்கு வந்தாள்.

காருக்குள் ஒரு சின்னப் பெட்டி இருப்பதாகச் சொன்னாள். எயார் பேக்கை வெடிக்க வைப்பது அதுதான். மோதலுக்கு முந்திய ஐந்து விநாடியைத் தனக்குள் எழுதி வைத்துவிடும். அதை வாசித்துவிட்டார்களாம். வேகம் அறுபத்தெட்டு. பிரேக்கில் கால் படவே இல்லை. ஓட்டுநர் சீட் நன்றாக முன்னால் இழுபட்டிருந்தது.

"உங்கட அண்ணன் ஆறடி ஆள். அவ்வளவு முன்னுக்கு இழுத்தா முழங்கால் ஸ்டியரிங்கில இடிக்கும். உங்களுக்கு அவர் ஓட்டினது நல்லா ஞாபகமா?"

"ஓம், மிஸ். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கிது. கன்னத்துத் தழும்புகூட."

"தழும்பு எந்தக் கன்னத்தில?"

"வலது."

ஷாகிரா பக்கத்திலிருந்த கதிரையை இழுத்து டினோஷாவின் வலப்பக்கம் போட்டாள். கார் ஓட்டுவதுபோல நேரே பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்ப என்ர எந்தக் கன்னம் உங்களுக்குத் தெரியிது?"

டினோஷா பார்த்தாள்.

இடது.

இடது கன்னம் மட்டும்தான்!

அண்ணனின் தழும்பு அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் கார் ஓட்டும் அண்ணனின் வலது கன்னத்தை அவள் எங்கே கண்டாள்? காருக்கு வெளியே, ஓட்டுநர் பக்க ஜன்னலில் நின்று எடுத்த ஒரு படத்தில். நிலோஜனின் போனில்.

நிலோஜனின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்.

அன்று பின்னேரமும் அவன் தேத்தண்ணி கொடுத்தான். அவள் சிரித்து வாங்கினாள். மறுநாள் காலை அவனுடைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஒரு பையில் போட்டு ஷாகிராவிடம் ஒப்படைத்தாள். எயார் பேக் முகத்தில் அறையும்போது எச்சிலும் தோலும் அதில் ஒட்டிவிடும் என்றாள் ஷாகிரா. டி.என்.ஏ.யில் எழுதியிருப்பதை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து மாற்ற முடியாது.

பதினேழு நாள் டினோஷா அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டாள்.

பதினெட்டாம் நாள் பொலிஸ் கூப்பிட்டது. தனியாகப் போகாதே என்று றோஸ்மேரியும் கூடவே வந்தாள். கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வெளி வாங்கில் உட்கார்ந்தாள்.

உள்ளே ஷாகிரா கதவைச் சாத்தினாள்.

"வலப்பக்க எயார் பேக்கில இருந்தது உங்கட அண்ணன்ட இல்ல."

"தெரியும், மிஸ்."

"உங்கட புருஷன்டயும் இல்ல."

டினோஷா நிமிர்ந்தாள்.

"அது ஒரு பொம்புளைட."

"அப்ப... நானா?"

"உங்கட இரத்தமும் எச்சிலும் இடப்பக்க பேக்கில இரிக்கு. ஓட்டினது வேற ஆள். அந்தக் காரை வேற எந்தப் பொம்புள ஓட்டுவா?"

டினோஷா ஜன்னல் வழியாக வெளி வாங்கைப் பார்த்தாள்.

உள்ளே கூப்பிட்டதும் றோஸ்மேரி அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. தூங்கியதாகச் சொன்ன நேரத்தில், நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, அவளுடைய போனிலிருந்து நிலோஜனுக்கு ஒரு அழைப்பு போயிருந்தது. அவன்தான் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிப்போனவன். எச்சில் எடுக்க வேண்டும் என்று ஷாகிரா சொன்னதும் அழத் தொடங்கினாள்.

"நீ அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டாய், டினோ. எனக்கும் உன்ர புருஷனுக்கும் உள்ளத... கார்ல வச்சுத்தான் கேட்டாய். நான் றோட்டப் பாக்கல்ல. உன்ர முகத்தத்தான் பாத்தன்."

டினோஷா அந்தக் கஞ்சிப் போத்தலைத் தூரத் தள்ளி வைத்தாள்.

இந்தத் துரோகத்தை அவள் ஏற்கனவே ஒரு தடவை அறிந்திருந்தாள். அதையும் சேர்த்துத்தான் மறந்திருந்தாள். காலியான அந்த இடத்தில் அவர்கள் இருவரும் அவளுடைய அண்ணனைக் குடியேற்றினார்கள். அவன் உள்ளே போனால் அவர்களுக்கு வழியும் திறக்கும்.

பின்னேரம் டியூஷன் வகுப்பிலிருந்தே நிலோஜனைக் கொண்டுபோனார்கள். கரும்பலகையில் பாதி எழுதிய பாடம் அப்படியே நின்றது.

அடுத்த வாரம் ஜொய்சன் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் டினோஷா நின்றாள். நாலைந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது.

அவன் அவளுடைய தலையில் கை வைத்தான். நெற்றித் தழும்பை விரலால் தடவிப் பார்த்தான். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"அண்ணா... வாடகைக் கார் ஒண்டு கூப்பிடட்டா?"

"வேணாம் மனே, பஸ்ஸில போவம். ஆர் ஓட்டினதெண்டு அதில ஐம்பது பேருக்குத் தெரியும்."