தண்ணீர் கொடுக்காதவள்

விடிந்ததும் விடியாததுமாக வாசலில் த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது.

"அந்தக் கழுத்துப் பட்டியக் கழட்டு மகன்! முந்தல் ஊரில எண்ணெ போட்டு உருவுற வைத்தியர் இருக்கார். ஒரே நாளில சரியாக்குவார்!" என்றாள் பவுலினா, மகன் றொகானிடம்.

மருமகள் சுஜாந்தி கதவை மறித்து நின்றாள். "மாமி, இண்டைக்குக் கிளினிக். டாக்டர் பாக்காம அவர்ட கழுத்தில ஆரும் கைவைக்க ஏலா."

"நீ கதைக்காத! ரெண்டு நாள் வகுப்புக்குப் போன டாக்குத்தர்! என்ட புள்ள தண்ணி தண்ணி எண்டு கெஞ்சினானே... ஒரு மிடறு குடுத்தியா? வெயில்ல கருவாடு மாதிரிப் போட்டு வைச்சவள்தானே நீ!"

மூன்று மாதமாக இதே பாட்டு. விபத்து நடந்த அன்றிலிருந்து பவுலினா மருமகள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கியதில்லை. தாகம் எடுத்தால் செம்போடு பக்கத்து வீட்டுக்குப் போவாள், ஊர் பார்க்கட்டும் என்றே.

மூன்று மாதத்துக்கு முன், அன்று கரையேறும் நேரம் அலை படகைத் தூக்கியடித்தது. றொகான் மணல்திட்டில் தலைகுத்த விழுந்தான். கரையில் நின்ற ஆண்கள் வழக்கம்போல அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, த்ரீவீலில் உட்கார வைக்க ஓடி வந்தார்கள். சுஜாந்தி அவன் தலைமாட்டில் குந்தி, தலையை இரு முழங்காலுக்கிடையில் அசையாமல் பிடித்துக்கொண்டாள். "கிட்ட வந்தா துடுப்பால அடிப்பன்!" மீனவர் சங்கத்து முதலுதவி வகுப்பில் படித்தது அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம். அவன் தண்ணீர் கேட்டபோதெல்லாம் சால்வை நுனியால் உதட்டை மட்டும் நனைத்தாள். நனைத்துவிட்டு அழுதாள். அதை யாரும் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

"அம்மா, கிளினிக்குக்கே போவம்," என்றான் றொகான் இப்போது.

மூன்று மாதத்தில் மனைவி பக்கம் அவன் பேசிய முதல் வார்த்தை. மூன்று மாதம்!

கிளினிக்கில் சிங்கள டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். கொழும்பில் ஆபரேஷன் செய்து வைத்த தகடும் ஆணிகளும் தெரிந்தன. எலும்பு ஒட்டிவிட்டது, பட்டியை இனிக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்றார். இடக்கையில் இரண்டு விரல்களின் மரத்த தன்மை போகாமலும் இருக்கலாம், வலை இழுப்பதை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு சிங்களத்திலேயே கேட்டார்:

"கரையில் இவரை அசைய விடாமல் வைத்தது யார்? தூக்கியிருந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்திருக்காது."

றொகான் கையைத் தூக்கி மனைவியைக் காட்டினான். தூக்க முடிந்த கை!

பவுலினாவுக்குச் சிங்களம் தெரியும். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. "அப்ப... தண்ணி?" என்று அந்த மொழியிலேயே இழுத்தாள்.

"மல்லாந்து கிடந்தவருக்கு ஊற்றியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும், அம்மா. குடிக்கவென்று தலையை நிமிர்த்தியிருந்தால் நரம்பே போயிருக்கும்."

வீடு வந்ததும் பவுலினா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"புள்ள... கொஞ்சம் தண்ணி தா..."

பானை அங்கேதான் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள் என்று சொல்ல சுஜாந்திக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தாலும் தப்பில்லை. ஆனாலும் கோப்பை நிறைய மொண்டு வந்து நீட்டினாள்.

பவுலினா கோப்பையோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தண்ணீரிலேயே விழுந்தது. "என்ட புள்ளய எனக்குத் தந்தவள் நீ... நான் பாவி, உன்ன..."

"அழுதது போதும் மாமி, முதல்ல குடியுங்க. புரையேறப் போகுது!"

ஒரே மூச்சில் குடித்தாள் பவுலினா. வெறுங்கோப்பையைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னொண்டு தா, மகள்."