சொன்னால் பாரம் குறையும்

முதல் வார்த்தையைச் சொன்னதுமே வீரம்மாள் அக்கா தன் இடது கையைத் தேய்த்துக்கொள்வதை ஷிபானா கவனித்தாள். கொசுவாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

நர்ஸுகள் உடை மாற்றும் அந்தச் சின்ன அறையில் டெட்டாலும் ஆறிப்போன டீயும் கலந்து மணத்தன. ஜன்னலுக்கு வெளியே பீங்கான் சூளையின் புகை சாயங்கால வெயிலில் மெல்லக் கலைந்துகொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் பாவாடை என்கிற நோயாளியின் மனைவி இன்னும் அலறிக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சூளையில் பொம்மை வார்க்கிறவர். வெறும் காய்ச்சலென்று வந்தவர். மத்தியானம் ஷிபானா மருந்து மாற்றி ஊசி போட்டதில் செத்துப்போனார்.

"யாருக்கு வேணா நடக்கும்மா. எனக்கும் நடந்திருக்குது," என்றார் தலைமை நர்ஸான வீரம்மாள். "உள்ளயே வெச்சிக்காத. மொதல்லேர்ந்து சொல்லு. பாரம் கொறையும்."

அந்த அன்பைத் தாங்க முடியாமல் ஷிபானா உடைந்து அழுதாள். சொல்ல ஆரம்பித்தாள். "ஊசி உள்ள போனதுமே கை எரியுதுன்னாரு அக்கா..."

"எரியுதுடி," என்றார் வீரம்மாள்.

அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நரம்பு கறுத்துப் புடைத்திருந்தது.

ஷிபானா நிறுத்தப் பார்த்தாள். வாய் நிற்கவில்லை. "அப்புறம் நெஞ்சப் புடிச்சாரு." வீரம்மாள் நெஞ்சைப் பிடித்தார். "கட்டில் கம்பியில மண்டைய மோதிக்கிட்டாரு." மேசை விளிம்பில் மோதினார். மறுபடியும். மறுபடியும். பல் தெறித்தது. காதைப் பொத்துங்க அக்கா என்று கத்த நினைத்தாள். வந்தது வேறு.

"மூச்சு நின்னுடுச்சு."

நின்றது.

சத்தம் கேட்டு இனியா ஓடிவந்தாள். போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். "என்னக்கா ஆச்சு? சொல்லுங்கக்கா!"

ஷிபானாவின் உதடு தானாகப் பிரிந்தது. யா அல்லாஹ், இவளாவது பிழைக்கட்டும். அவள் நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்டி, தாடையில் கீழிருந்து ஓங்கிக் குத்தினாள். போதவில்லை. இன்னொரு குத்து. வாயெல்லாம் சூடான ரத்தம். நாக்கின் நுனி துண்டாகி மடியில் விழுந்தது.

இனியா வீறிட்டாள். ஆனால் ஓடவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு அணைத்துக்கொண்டாள். "பயப்படாதீங்கக்கா. நான் இருக்கன்."

ஷிபானா அவள் தோளில் சாய்ந்தாள். காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள்.

அப்போது அவளுடைய விரல் ரத்தத்தில் தோய்ந்து, வெள்ளைத் தரையில் நகரத் தொடங்கியது. பிடித்து இழுத்தாள். விரல் கேட்கவில்லை.

"எழுதிக் காட்டுறீங்களா? எழுதுங்கக்கா." இனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கோணல்மாணலான எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சத்தமாக வாசித்தாள்.

"ஊ... சி..."